பாலம் ஏற வேண்டிய பென்ஸ்

பெரியபட்டினத்தில் என் மாமா நெய்னா முகம்மது வீட்டில் கொட்டகை ஒன்றுதான். அதற்குள் எழுபத்தெட்டாம் வருஷத்து பென்ஸ் கார் நின்றது. மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் மாமா ஆசைப்பட்டு வாங்கியது. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும் என்பது அதன் பெருமை. மாறவில்லை என்பது அதன் நிலவரம்.

சல்மா மாமி ஒரு கெடு வைத்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய இரண்டு ஆடுகள் திங்கட்கிழமை வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி பாம்பன் பாலம் ஏறி இறங்கிவிட்டால் கொட்டகை வண்டிக்கு. இல்லாவிட்டால் கொட்டகை ஆடுகளுக்கு, வண்டி பழைய இரும்புக்காரருக்கு. மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அதாவது, இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டியவர் மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் யோகேஸ்வரன். ஆட்டோமேட்டிக்கை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. அதனால் மெக்கானிக்கல் படிக்கும் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். கியர்பாக்ஸ் பாடம் வரும் பேப்பரை மூன்று முறை எழுதிய அனுபவம் எனக்கு இருந்தது. ரஷ்யக் கிழவர் ஒருவர் இதே கியர்பாக்ஸைக் கட்டும் வீடியோவைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பாஷை புரியவில்லை, சும்மா இரைச்சலாக இருக்கிறது என்று யோகேஸ்வரன் அண்ணன் சொன்னதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம். கடைசியில் கிழவர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கோட்டைக் காட்டிச் சிரித்தார். நாங்களும் அப்படியே செய்து அப்படியே சிரித்தோம்.

வண்டி சிரிக்கவில்லை. கியரைப் போட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அண்ணன் கியர் கேபிளை இறுக்கினார், தளர்த்தினார். பலனில்லை. பிறகு எண்ணெய்க்கு வந்தார். அதில் அவருக்குக் கடல் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் உண்டு. எஞ்சினை அணைக்க வேண்டும், பொறுக்க வேண்டும், அப்புறம்தான் கம்பியைத் தொட வேண்டும். அவர் ராத்திரி முழுக்கப் பொறுத்துவிட்டுக் காலையில் தொட்டார். எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. அதிகமானதைக் குழாய் விட்டு உறிஞ்சி, மிச்சப் புது எண்ணெய் இருந்த கேனிலேயே பிடித்தார். வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது. மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் கோட்டுக்கு மேலே. மறுபடியும் உறிஞ்சினார். மூன்றாம் நாளும் அதேதான். எண்ணெய் தானாக ஊறுகிறது என்ற முடிவுக்கு நாங்கள் மூவரும் வந்திருந்தோம். அதில் ஒருவன் பொறியியல் மாணவன்.

கொட்டகையை அளக்க டேப்போடு வந்த மாமி கேனைப் பார்த்தார்.

“இஃப்ரா வாப்பா, வண்டி ஓட்டுறீகளா, பால் கறக்கிறீகளா?”

மாமா தன் மகள் இஃப்ராவின் பேர் இந்த விவகாரத்தில் வருவது நியாயமில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினோம். மாமா ஓட்ட, பக்கத்தில் மாமி சாட்சியாக உட்கார்ந்தார். பின்னால் நாங்கள் இருவர், டிக்கியில் கேன். யோகேஸ்வரன் அண்ணன் எதையும் வெளியே கொட்டுகிறவர் இல்லை. மண்டபம் வரை சமதரை, வண்டி எப்படியோ ஒப்பேற்றியது. பாலத்து ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சின் கத்தியது, வண்டி நின்றது. பின்னால் ராமேஸ்வரம் பஸ் ஹாரனை அடித்தது. ரயில் வருமென்று செல்போனோடு கைப்பிடிச் சுவரோரம் நின்ற சுற்றுலாக்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“அமத்துங்க பாய், எண்ணெயப் பாப்போம்” என்றார் யோகேஸ்வரன்.

“அமத்துனா பேட்டரி மறுபடி தூக்காதுலே. கிளட்ச் இல்லாத வண்டியத் தள்ளியும் எடுக்க முடியாது. பெறகு இங்கனயே குடியிருக்க வேண்டியதுதான்” என்றார் மாமா.

எனவே சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓடும் எஞ்சினில் யோகேஸ்வரன் கம்பியை உருவினார். நுனியில்கூட ஈரம் இல்லை. துடைத்துவிட்டுப் பார்த்தார். துடைக்க ஒன்றுமில்லாத கம்பி அப்படியேதான் இருந்தது.

மாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“நின்னா ரொம்பி இருக்கு, ஓடுனா காஞ்சு கெடக்கு. அப்ப ஓடும்போது எண்ணெய் மேல ஏறுதுல்ல? நிக்கும்போது எதுக்கு அளக்குறீக?”

நான் செல்போனை எடுத்து வீடியோவின் கடைசிப் பகுதியைச் சத்தத்தோடு வைத்தேன். கிழவர் கம்பியை உருவுகிறார். பின்னணியில் அவருடைய எஞ்சின் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஏலே தவ்ஃபீக், சத்தத்த யாருலே அமத்துனது?” என்றார் மாமா.

நான் யோகேஸ்வரன் அண்ணனைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

கேனைத் திறந்தோம். தண்ணீர் பாட்டிலை அறுத்துப் புனலாக்கி, மூன்று நாள் உறிஞ்சியதையும் கேனில் முன்பே மிச்சமிருந்ததையும் முழுக்க ஊற்றினோம். எண்ணெய் நன்னாரி சர்பத் நிறத்தில் இருந்ததால் ஒரு சுற்றுலாக்காரர் கிளாஸ் எவ்வளவு என்று கேட்டார். கம்பி கோடு வரை நனைந்தது. கல்லை எடுத்தோம். மாமா கியரைப் போட்டார்.

வண்டி யோசிக்கவில்லை. நாங்கள் ஏறுவதற்காகக்கூட. நிறுத்தினால் மறுபடி நகராதோ என்ற பயத்தில் மாமா நேரே பாலத்து உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கி மறைந்தார். எங்களை ஏற்றிக்கொண்டது, அதுவரை ஹாரன் அடித்த அதே பஸ்தான். பாம்பனில் மாமா காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், எஞ்சினை அணைக்காமலே. மாமி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏறிருச்சு. சொன்னா சொன்னதுதான், கொட்டக அதுக்கே” என்றார்.

அன்றிரவு மாமா மூன்று முறை சோறு கேட்டார்.

திங்கட்கிழமை ஆடுகள் பென்ஸின் பின் சீட்டில், ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டியபடி வந்து இறங்கின. கொட்டகை வண்டிக்குப் போய்விட்டதால் அவை இப்போது பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டில், என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே, என் ஸ்கூட்டர் நின்ற இடத்தில் நிற்கின்றன. நான்காம் முறை எழுதப் போகும் பேப்பருக்கு அங்கேதான் படிக்கிறேன். இவற்றின் சத்தத்தை அணைக்க வழி தெரியவில்லை.