சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு நாள்

ஜெயப்பிரியா செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் அவளுக்கு நைட் ட்யூட்டிதான். காலையில் வேலை முடித்து, பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பத்து மணியாகிவிடும். அந்த வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. கோடையில் ஃபேன் போட்டால் அடுப்பை விசிறிவிட்ட மாதிரி அனல்தான் இறங்கும். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

சித்திரையில் ஒருநாள் பஸ்ஸிலேயே அசந்துவிட்டாள். கண்டக்டர் தட்டி எழுப்பிய இடம் மாமல்லபுரம். திருதிருவென்று விழித்துக்கொண்டு இறங்கியவளை, ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் என்று நினைத்து, ஒரு ஆள் சிப்பி மாலைகளை நீட்டினான்.

"அண்ணாத்த, நான் ஊர் பாக்க வர்ல. தூங்கிகினே வந்துட்டேன்" என்றாள். அவன் சிரித்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று கை காட்டினான்.

இதைக் கணவன் ஆனந்தனிடம் மட்டும் சொன்னாள். அவன் நாவலூர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் வைத்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. "புது வூடு வரட்டும், எல்லாம் சரியாப்பூடும்" என்றான்.

புது வீட்டுப் பேச்சு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. மாமல்லபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஆனந்தனின் அப்பா எல்லப்பனுக்கு வேர்க்கடலை போட்ட மேட்டு நிலம் ஒன்று இருந்தது. அங்கேயிருந்து கடல் எட்டு கிலோமீட்டர். அதில் நாலு பேரும் சேர்ந்து இருக்க ஒரு வீடு. எல்லப்பனும் அவர் மனைவி பூவாயியும் பழைய வீட்டை விட்டு வந்துவிடுவதாக ஏற்பாடு.

இன்ஜினியர் மோகன் ஒரு மாலையில் பிளானைக் கொண்டுவந்து தரையில் விரித்தான். ரோடு மேற்கே. அதனால் ஹாலும் மேற்கே, ரோட்டைப் பார்த்து, தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. அது எல்லப்பனின் ஆசை.

"மினி பஸ்ல போறவன் பூரா தலைய நீட்டிப் பாக்கணும். எல்லப்பன் வூடுடான்னு சொல்லணும்" என்றார்.

தென்மேற்கு மூலையில் ஆனந்தனுக்கும் ஜெயப்பிரியாவுக்கும் பெட்ரூம். தென்கிழக்கில் சமையலறை. மற்றதெல்லாம் மிச்சமிருந்த இடத்தில்.

ஜெயப்பிரியா தன் அறையின் மேல் விரலை வைத்தாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு இது எப்படி இருக்கும் சார்?"

மோகன் நேர்மையானவன். "சூடாதான் இருக்கும் மேடம். ஏசி போட்டுக்கலாம்."

"கரண்ட் போச்சுன்னா?"

மோகன் பேனாவை மூடித் திறந்து மூடினான். அவளே தொடர்ந்தாள்: "கட்டறதுக்கு முன்னாடி ஒருநாள் இந்த வூட்ல இருந்து பாத்துடலாம்."

"எந்த வூட்ல?" என்றார் எல்லப்பன்.

"இதோ, இந்தப் படத்துல கீற வூட்லதான் மாமா."

எல்லப்பன் மருமகளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கம் கெட்டால் தலை கொஞ்சம் கலங்கும்தான் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மோகனுக்கு யோசனை பிடித்துவிட்டது. வைகாசி முதல் ஞாயிறன்று அவனே டேப்போடும் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியோடும் வந்து, மேட்டு நிலத்தில் பிளானை அப்படியே முழு அளவில் கோடு போட்டான். ஆனந்தன் பந்தல்காரரிடம் சவுக்குக் கழியும் கீற்றும் துணியும் வாங்கி வந்தான். மேலே கீற்று, சுற்றிலும் துணிச் சுவர். ஜன்னல் வரும் இடத்தில் துணியைச் சுருட்டிக் கட்டினார்கள்.

சனிக்கிழமை ராத்திரி வேலை பார்த்துவிட்டு நேராக அங்கே வந்து இறங்கிய ஜெயப்பிரியா, தன் வீட்டை முதல்முதலாகப் பார்த்தாள். காலைக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கொல்லைக் கல்யாணி பந்தலைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்தாள். "இன்னா பூவாயி, காதுகுத்தா? ஒரு வார்த்த சொல்லலியே!"

"காதுகுத்தும் இல்ல, மூக்குகுத்தும் இல்ல. இது எங்க புது வூடு."

"வூடா? எங்க கீது?"

"நீ செருப்போட நின்னுகினு கீறியே, அது சாமி ரூம்."

கல்யாணி பதறிப்போய்த் துள்ளி ஹாலுக்குள் விழுந்தாள். பிறகு போகவே இல்லை. வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயப்பிரியா தென்மேற்கு அறையில் பாயை விரித்துப் படுத்தாள். களைப்பில் கண் சொக்கியது. ஆனால் காலைக் காற்று நின்றுபோயிருந்தது. ஒரு துளிகூட இல்லை. புரண்டு புரண்டு படுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆனந்தன் ஆளுயரக் கழி ஒன்றை வெட்டவெளியில் நட்டான். வெயில் தெற்கே வரும், அதனால் தெற்கு ஜன்னலுக்கு மட்டும் பெரிய சன்ஷேடு என்று மோகன் போட்டிருந்தான். கழியின் நிழலோ ஒரு சாண் நீளத்துக்குத் தெற்குப் பக்கம் விழுந்திருந்தது.

"இன்னா சார், நிழல் தெக்கால கீது. அப்ப சூரியன் வடக்காலதான கீது?"

மோகன் கழியைச் சுற்றி வந்தான். தலையில் அடித்துக்கொண்டான். "படிச்சதுதான், மறந்துட்டேன். நம்ம ஊர்ல சித்திரை பொறந்து பத்து நாள்லேர்ந்து ஆவணி பொறக்கிற வரைக்கும் உச்சி வெயில் வடக்கேதான். மத்த மாசத்துலதான் தெற்கே சாயும். ரெண்டு பக்கமும் சன்ஷேடு வேணும்." பிளானில் அங்கேயே பேனாவால் வரைந்தான்.

ஒரு மணிக்குக் கடல்காற்று வந்தது. அதுவரை அசையாமல் தொங்கிய கிழக்குத் துணிகள் பாய்மரம் மாதிரி உப்பின. ஜெயப்பிரியா நிம்மதியாக மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சில் கருவாடு.

தென்கிழக்குச் சமையலறையில் பூவாயி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். வந்த காற்றெல்லாம் அந்த அறை வழியாகத்தான் நுழைந்தது. அது அடுப்பை அணைத்தது, வாசனையை வாரிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனது. பூவாயி மூன்றாவது முறையாக அடுப்பைப் பற்றவைத்தாள். அது மூன்றாவது முறையாக அணைந்தது.

"எவன்டா இங்க சமையல் ரூம் வெச்சது? இங்க நின்னுகினு நான் சமைக்கவா, காத்தாடி வுடவா?"

"அக்கினி மூலைம்மா. எல்லாரும் அங்கதான் வெப்பாங்க" என்றான் மோகன் பயந்துபோய்.

"அக்கினியே நிக்க மாட்டேங்குதே!"

எல்லப்பன் முகம் சுருங்கியது. மூலையை மாற்றுவது அவருக்குச் சரியாகப்படவில்லை. தென்கிழக்கு ஒத்துவராவிட்டால் வடமேற்கிலும் அடுப்பு வைக்கலாம், வாஸ்துக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள் என்று மோகன் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். ஆனந்தன் சிலிண்டரைத் தூக்க, மோகன் அடுப்பைத் தூக்க, கல்யாணி கருவாட்டுச் சட்டியைத் தூக்க, சமையலறை வடமேற்குக்குக் குடிபோனது. இப்போது புகை வீட்டுக்குள் வராமல் நேராக வெளியே போயிற்று. பூவாயி ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துவிட்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

காலியான தென்கிழக்கு அறைக்கு ஜெயப்பிரியா பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். கிழக்கு வெயில் அங்கிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது. தெற்கே வெயிலே இல்லை. காற்று காலிலிருந்து தலைவரை வருடியது. பிறகு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

விழித்தபோது மணி மூன்றரை. முகம் கழுவ எழுந்து போனவள் மேற்கே எட்டிப் பார்த்தாள். எல்லப்பன் தன் கண்ணாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நைனா, உள்ள வா" என்றான் ஆனந்தன்.

"எனுக்கு ஒண்ணும் சூடா இல்ல."

"கண்ணாடி போட்டா இன்னும் மோசம் சார்" என்றான் மோகன். "உள்ள வந்த சூடு வெளிய போகாது. சுவரும் சாயந்திரம் குடிச்ச வெயில ராத்திரி பூரா கக்கிகிட்டே இருக்கும்."

எல்லப்பன் காதில் வாங்காததுபோல் ரோட்டையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து மினி பஸ் வந்தது. அதில் மேற்குப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வெயிலுக்குத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். கிழக்குப் பக்கத்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

ஜெயப்பிரியா முகம் கழுவி, டீ குடித்து, கல்யாணியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தபோது அவள் பாயில் ஆள். எல்லப்பன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். துண்டு காற்றில் பறந்து துணிச்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்து மணிக்கு எழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: "இந்த ரூம் எனுக்கு."

"மாமா, அது என் ரூம்."

"நீ சின்னப் பொண்ணு. எங்க படுத்தாலும் தூக்கம் வரும்."

ஜெயப்பிரியா அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த வார்த்தையில் சிரிப்பு நின்றது. "வர்ல மாமா" என்றாள். "போன மாசம் பஸ்ல தூங்கி மாமல்லபுரத்துல போய் எழுந்தேன். பஸ்ல தூங்கினா பரவால்ல. வார்டுல ராத்திரி இருவது பேருக்கு ஊசி, மருந்து, டிரிப்ஸ். ஒவ்வொண்ணையும் மூணு மூணு வாட்டி படிச்சுப் பாத்துட்டுத்தான் போடறேன். பயமா இருக்கு மாமா."

எல்லப்பன் துணிச்சுவரிலிருந்து துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார்.

"இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் கடைசியில். ஜெயப்பிரியா பதில் சொல்வதற்குள் மோகன் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா பாத்துகினு கீற? அந்தச் சுண்ணாம்ப எடு."

பழைய கோடுகளைக் காலாலேயே தேய்த்து அழித்துவிட்டுத் தானே புதுக்கோடு போட்டார். தென்கிழக்கில் மருமகள் அறை. அதற்கு வடக்கே, அதே கிழக்குக் காற்று வரும் இடத்தில், தனக்கும் பூவாயிக்கும் ஒன்று. நடுவில் ஹால். சமையலறை வடமேற்கிலேயே. மேற்கு வெயிலைத் தாங்க ஆனந்தனின் வேன் ஷெட்டும் மாடிப்படியும் குளியலறையும் வரிசையாக.

"கண்ணாடி?" என்று மெல்லக் கேட்டான் ஆனந்தன்.

"ஊரான் பாக்கறதுக்கு நான் வேவணுமா? மாடிப்படிக்கு ஓட்டை வெச்ச செங்கல் போடு. காத்தும் வரும், பாக்கவும் லட்சணமா இருக்கும்." கோடு கொஞ்சம் கோணலாகப் போனது. மோகன் திருத்தப் போனான். எல்லப்பன் விடவில்லை.

அடுத்த சித்திரைக்குள் வீடு எழும்பிவிட்டது. கிழக்குச் சுவருக்கு நிழல் தர மோகன் ஆழமான சிட்அவுட் ஒன்று வைத்திருந்தான். குடிபோன பிறகு வந்த முதல் நைட் ட்யூட்டி முடிந்து ஜெயப்பிரியா பத்து மணிக்குப் படுத்தாள். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. அது அவளுக்குத் தெரியவில்லை. எல்லப்பன் டிவி ஓடாத ஹாலில் சத்தம் போடாமல் உட்கார்ந்து, பேசவந்த கல்யாணியை வாயில் விரல் வைத்து வெளியிலேயே நிறுத்தினார்.

இரண்டரைக்கு அவளாகவே விழித்தாள். தலை பாரமில்லை, கண் எரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து காற்றை வாங்கினாள். பிறகு எழுந்து வந்தாள்.

"அத்தை, பசிக்குது" என்றாள்.