மை உட்பி சார்

...உடுப்பி என்றுதானே சொன்னார், என் காதில்தான் கோளாறா, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய மேனேஜர் எதிரே வந்து, யாருப்பா வேங்கடேசா கூட, என்று கேட்டதும் பட்டென்று, மை உடுப்பி சார், என்றார், அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார், நான் என்ன இட்லியா சாம்பாரா, தை மாதம் தட்டு மாற்றிய பெண், ஆவணியில் கல்யாணம், நிச்சயம் பண்ண பொண்ணு சார் என்று சொல்ல வாய் வலிக்கிறதாமா... என் நிறத்தைப் பார்த்து வெட்கமா, இப்போதே மறைக்கிறவர் நாளைக்கு நாலு பேர் முன்னால் என்ன செய்வார், வேண்டாம், பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் அப்பாவிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டியதுதான்... அதோ டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், அப்பாவிடம் காட்டப்போகும் பத்திரிகை மாதிரியை மடியில் வைத்து, காற்றில் மடங்கிவிடுமோ என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு... பாவமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

விக்கிரவாண்டி தாண்டியும் என் விரல்கள் சும்மா இல்லை, காலையில் எழுதிய டைப்ரைட்டிங் பரீட்சைக் கடிதம் மடிமேலேயே ஓடுகிறது, ஐ உட் பி கிரேட்ஃபுல், அர்த்தம் யார் கண்டார்கள், விரலுக்குத் தெரிந்தால் போதும், இடது மோதிர விரல் டபிள்யூ, வலது மோதிர விரல் ஓ... உட், ஓர் இடைவெளி, பி... விரல் நின்றுவிட்டது. உட்பி. அட, உடுப்பி இல்லை. இனிமேல் ஆகப்போகிறது என்று இன்ஸ்டிடியூட் சார் ஒருமுறை அர்த்தம் சொன்னாரே, அப்படியென்றால் நான் ஆகப்போகிறவள்... ஆனால் எல்லாக் கடிதத்திலும் அதற்குப் பிறகு ஒரு சொல் வருமே, அதை ஏன் விழுங்கினார், தெரியாதா, கூச்சமா... நான் மட்டும் என்ன சொல்லியிருப்பேன், பேரைச் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் என்று சொல்ல இன்னும் தாலி ஏறவில்லை, மாமா என்று கூப்பிட முறையும் இல்லை, அவரு, இவரு, அதைவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது, இந்த லட்சணத்தில் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேனே, சீ.

திண்டிவனத்தில் இறங்கியதும் இன்ஸ்டிடியூட் லூர்துமேரி எதிரில் நின்றாள்.

"இன்னாடி பொன்னி, பரீட்ச எழுதிட்டு வர்றியா? பின்னாடி வந்துக்கினு இருக்கிறது யாரு?"

அவர் பத்திரிகையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் அவர் பக்கம் கையைக் காட்டினேன்.

"மை... உட்பி."

"உடுப்பியா? இந்நேரத்துல இன்னாடி டிபன்?"

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். மீதிச் சொல்லை நானும் விழுங்கிவிட்டேன், நாக்கு நுனிவரை வந்துவிட்டு இனிப்பாக உள்ளே போனது... வெட்கப்பட்டு மறைக்கிறது வேறு, இது வேறு... இதற்கு என்ன பேர்?