நாகபூஷணம் அடித்த சொற்கள்

என்னைப் பெற்ற நைனா ரங்கனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எழுபது வருஷம் நகரிப் பக்கத்தில் ஏர் ஓட்டிவிட்டுச் செத்துப்போனார். அவர் செத்த முப்பதாம் நாள் நான் கட்டிய பாட்டு ஒன்றுதான் அவருக்கென்று மிச்சம். அதைக் கேள்விப்பட்டுப் புலவர் நாகபூஷணம் எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ‘அச்சில் போடுகிறோம், கொஞ்சம் திருத்த வேண்டும், நேரில் வரவும்’ என்று கார்டு வந்தது. நானும் புத்தி கெட்டுப்போய்ச் சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

புலவர் அங்கே தமிழ் வாத்தியார். ஆந்திரா தனி மாநிலமான பிறகு எந்த ஊர் யாருக்கு என்று இழுபறி நடந்துகொண்டிருந்த சமயம் அது. எங்களைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லும் அவருடைய கமிட்டி, எல்லை அதிகாரிக்குக் காட்ட ஒரு பாட்டுப் புத்தகம் போடுகிறது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அழுவதுகூடத் தமிழில்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு என் அழுகை தேவைப்பட்டது.

அவர் வீட்டு ஜன்னலோரம், மேஜைக்கு எதிரே என்னை உட்காரவைத்தார். அவர் கையில் சிவப்புப் பென்சில். ‘பண்டிகை’ என்ற சொல்லை வட்டமிட்டார்.

“தெலுங்கு. விழா என்று போடுவோம்.”

போட்டார். ‘வேடிக்கை’ தெலுங்கு, போயிற்று. என் அம்மாவின் ‘கொலுசு’ தெலுங்கு, போயிற்று. ‘சாகுபடி’யும் போயிற்று. நைனா பெட்டிச் ‘சாவி’யை என் கையில் கொடுக்கும் இடம் ஒன்று பாட்டில் உண்டு. சாவி, ஜன்னல், மேஜை எல்லாம் பறங்கியன் கப்பலில் வந்த சொற்கள் என்று நகரி ஸ்டேஷன் மாஸ்டர் ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். புலவர் சாவியைத் தொடவில்லை. கடல் தாண்டி வந்ததற்குப் பாய் விரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்ததைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார். இந்தப் படிப்புக்குத்தான் புலவர் என்று பட்டம்.

நானும் யோக்கியன் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அச்சு ஆசை.

கடைசியில் ‘நைனா’வுக்கு வந்தார். பாட்டில் பதினேழு இடம். பதினேழையும் வட்டமிட்டு, மேலே ‘தந்தை’ என்று முத்து முத்தாக எழுதினார்.

“ஐயா, தந்தைன்னு நான் யாரையும் கூப்புட்டதில்லீங்க.”

“இனிமேல் கூப்பிடுங்கள்.”

“யாரைக் கூப்புடறது? அவுருதான் பூட்டாரே.”

எங்கள் பக்கம் அப்பனும் நைனாதான், கொஞ்சும்போது பிள்ளையும் நைனாதான். நான் வாங்கிய திட்டு, அவர் தோளில் ஏறித் திருப்பதியில் தேர் பார்த்தது, எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பாட்டின் முடிவில் சாகிற மனுஷன் என்னைப் பார்த்து, “நைனா, கொஞ்சம் தண்ணி குடு” என்கிறார். அங்கேயும் பென்சில் விழுந்தது. பெற்றவன் மகனைப் பார்த்து, “தந்தையே, சிறிது நீர் தா” என்று கேட்டான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பங்காருபாளையத்திலிருந்து வந்திருந்த புலவரின் அப்பா. பசிக்கிறது என்றார். புலவர் பென்சிலைக் கீழே வைக்காமலே திரும்பி, “செத்த இரு நைனா, துன்னலாம், இதோ வந்துட்டேன்” என்றார்.

சொன்னது அவர் காதிலேயே விழவில்லை.

“ஐயா, இப்ப அவரை என்னான்னு கூப்புட்டீங்க?”

புலவர் முகம் கறுத்தது. “அது வீடு. இது அச்சு.”

“உங்க நைனாவுக்கு வூடு இருக்குது. எங்க நைனாவுக்கு இந்தப் பாட்டு ஒண்ணுதாங்க வூடு.”

காகிதத்தை மேஜையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வழி நெடுக ஏதோ ஜெயித்துவிட்டவனைப் போல உட்கார்ந்திருந்தேன். முந்தின வாரமே திருத்தி ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டுத்தான் அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. ஐந்நூறு பிரதி போட்டார்களாம். ஒன்பதாம் பக்கத்தில் என் பாட்டு. பதினேழு தந்தை. கீழே என் பெயர், தணிகாசலம், அதில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அதிகாரி அதைப் புரட்டினாரோ, காப்பி டம்ளரை மூடிவைத்தாரோ. கடைசியில் கோடு கிழித்தபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. நாங்கள் அதற்கு முன்னால் பேசியதைத்தான் இன்றைக்கும் பேசுகிறோம்.

என் பிரதியில் பதினேழு இடத்திலும் அடித்துவிட்டு நைனா என்று எழுதினேன். மீதி நானூற்றுத் தொண்ணூற்றொன்பதிலும் செத்துக் கிடப்பவர் யாரோ ஒரு தந்தை. அவரை எனக்குத் தெரியாது.