இருபத்தாறு கட்டு ஷில்லிங்

மொத்த வியாபாரி ‘செம்பல்லன்’ குலேத் அந்தத் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கூடை முடையும் பெண்கள் படம் போட்ட ஆயிரம் ஷில்லிங் தாள்.

"கள்ள நோட்டு" என்றான்.

"இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்?" என்றாள் அம்பரோ.

பூர்-அத் சந்தையில் டீ விற்கிறவள் அவள். அரசாங்கம் கவிழ்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் யாரோ எங்கெங்கோ அச்சடித்து இறக்கிய தாள்தான் சந்தையில் பாதி. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்கினார்கள், கொடுத்தார்கள், அதை வைத்தே பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்கள். போன வாரம் வரை குலேத்தும் வாங்கிக் கல்லாவில் போட்டவன்தான். திடீரென்று அவனையும் சேர்த்து மொத்த வியாபாரிகள் நாலு பேர் கூடி, இனி போனில் வரும் டாலர்தான், தாள் செல்லாது என்று முடிவு செய்துவிட்டார்கள். தங்களிடம் இருந்த தாளையெல்லாம் போன வாரமே சத்தமில்லாமல் வேறு ஊருக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது வேறு கதை. பலே கெட்டிக்காரர்கள்!

அம்பரோவின் சாக்கில் இருபத்தாறு கட்டு இருந்தது. பத்து மாதம் அடுப்புப் புகையில் கண் எரிய நின்று சேர்த்தது. அதைக் கொடுத்து குலேத்திடம் இருபது தகரம் வாங்கி, மழைக்கு முன்னால் கூரை போட வேண்டும். பழந்துணியும் பாயும் போர்த்திய குடிசை அவளுடையது. போன மழையில் மூன்று பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் நனைந்துகொண்டு கிடந்தார்கள். இப்போதும் கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

"போன்ல காசு அனுப்பு, தகரத்த ஏத்தி விடறேன்" என்றான் குலேத். "இத அடுப்புல போட்டு எரி. டீயாவது கொதிக்கும்."

சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அழுதால் தகரம் வருமா?

நேராகப் பால் விற்கிற சுக்ரியிடம் போனாள். ரொட்டி சுடுகிறவளையும், கழுதை வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிற பெண்களையும் கூப்பிட்டாள். எல்லார் வீட்டிலும் இரண்டு கட்டாவது இருந்தது. எல்லாருக்கும் வயிறு எரிந்தது.

"நாளைக் காலைலேந்து நாம தாள் மட்டும்தான் வாங்கறோம். எவனாவது போன நீட்டினா, அதையே கடிச்சுத் தின்னுடான்னு சொல்லிடுங்க."

"ரெண்டு நாள் யாவாரம் படுத்துட்டா?" என்றாள் சுக்ரி.

"படுக்கட்டும்டி. கட்டெல்லாம் மொத்தமா போறதுக்குப் பதிலா ரெண்டு நாள் யாவாரம் போனா என்ன?"

மறுநாள் காலை குலேத்துக்கு ஒரு லாரி சர்க்கரை வந்து நின்றது. மூட்டை தூக்கும் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல டீக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவன் நெட்டை பரே போனை எடுத்தான்.

"பன்னெண்டு டீ போடுக்கா. காசு அனுப்பிடறேன்."

"தாள் குடு."

"தாளுக்கு நான் எங்க போவேன்? குலேத்து கூலியே போன்லதானே போடறாரு!"

"அப்ப டீயையும் அவரையே போன்ல அனுப்பச் சொல்லு."

ரொட்டிக்காரியிடம் போனான், அதே பதில். பாலுக்கும் தண்ணீருக்கும் அதே பதில். பரே திரும்பி வந்து லாரி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். "வெறும் வயித்துல அம்பது கிலோ மூட்டைய அவரே தூக்கட்டும்" என்றான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

மேகம் சந்தைக்கு மேலேயே வந்துவிட்டது. காற்றில் மண்வாசனை. பிள்ளைகளை நினைத்து அம்பரோவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை. திறந்த லாரியில் சர்க்கரை இருக்கிறவனுக்கு இன்னும் வேகமாக அடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

குலேத் ஓட்டமும் நடையுமாக வந்தான். "அறுபது தாள் குடு, அம்பரோ. டீக்குப் போதும். டாலர் எவ்வளவு கேட்டாலும் அனுப்பறேன்."

"பிரிச்சுக் குடுக்கறதில்ல. இருபத்தாறு கட்டும் எடுத்துக்க, இருபது தகரம் குடு. பழைய வெலதான், ஒரு ஷில்லிங் ஏத்தல."

"அத்தனை தாள வச்சு நான் என்ன பண்ண?"

"நாளைக்கும் இவங்களுக்கு டீ வேணும்ல? அப்புறம் இன்னொண்ணு. உன் கடையில தாள் செல்லும்னு இங்கயே நின்னு உன் வாயால சொல்லு."

முதல் துளி குலேத்தின் வழுக்கையில் விழுந்தது. முணுமுணுத்தான்.

"காது கேக்கல!" என்றாள் சுக்ரி.

"செல்லும்! தாள் செல்லும்!" என்று கத்தினான் குலேத். சந்தையே சிரித்தது.

டீ குடித்து எழுந்த பன்னிரண்டு பேரும் அரை மணியில் சர்க்கரையை உள்ளே சேர்த்துவிட்டார்கள். அம்பரோவின் தகரம் கழுதை வண்டியில் ஏறியது. களைத்துப்போன குலேத் அவள் கடையிலேயே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, ஐந்து தாளை எடுத்து வைத்தான். அம்பரோ ஒன்றை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கள்ள நோட்டு."

"ஐயோ, இது நீ குடுத்ததுதானே!"

"தெரியும். நான் வாங்கறேன்ல, போ."

தூறல் கனப்பதற்குள் கூரையை அடித்தாக வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, அந்த ஐந்து தாளையும் எடுத்துக்கொண்டு, ஆணி வாங்க அவன் கடைக்கே வேகமாக நடந்தாள்.