பீலி நின்ற பிற்பகல்

பொகவந்தலாவைக்கான வானிலைக் குறிப்பு முதலில் சிங்களத்தில்தான் வரும். அதைத் தமிழாக்கித் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போடுவது என் வேலை. தோட்டப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கேட்டார்கள், செய்கிறேன். என் மனைவி சுலக்ஷனா காய்ச்சலில் இறந்த அன்றும் செய்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு மதியம் குறிப்பு வந்தது: கனமழை தொடரும். மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை. சரிவுகளில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். அதன் கீழே மண்சரிவின் அறிகுறிகள் சில வரிகளில்.

அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்லசாமி, மலை ஊற்று வந்து விழும் பீலியடியில், லயமே தண்ணீர் பிடிக்கும் இடத்தில், நனைந்துகொண்டு நின்றார்.

"சார், நேத்தும் செவப்புன்னீங்க. எங்க வீட்டுக் கோழி நனைஞ்சதுதான் மிச்சம்."

"அங்க என்ன அண்ணே பாக்குறீங்க?"

"தண்ணி நின்னுருச்சு. காலையில செம்மண்ணாட்டம் வந்துச்சு. எல கில அடைச்சிருக்கும். மேல போயி குத்திவிட்டுட்டு வர்றேன்."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பீலி கோடையில்கூட நின்றதில்லை. ஊற்றுநீர் கலங்கி வந்து திடீரென நின்றால் மலைக்குள் மண் நகர்கிறது. குறிப்பின் கடைசி வரி அதுதான். யாரும் கடைசி வரி வரை வாசிப்பதில்லை.

"மேல போகாதீங்க. வீட்டு ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எறங்குங்க. மலை நகருது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தகரத்தை எடுத்துத் தட்டியபடி லயத்தின் கடைசிக் காம்பிரா வரை ஓடினார்.

எல்லோரும் இறங்கினார்கள். என் மாமியார் மீனம்மா மட்டும் எங்கள் காம்பிராவை விட்டு அசையவில்லை. சுலக்ஷனாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கருமாதி முடியும்வரை அது அணையக்கூடாது. எண்ணெய்ப் போத்தலோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, வாங்க."

"நீங்க போங்க தம்பி. புள்ள வந்து பாக்குறப்ப வீடு இருட்டா கெடக்கணுமா?"

பின்சுவரில் காலையில் இல்லாத வெடிப்பு. அதன் வழியே சேறு கசிந்தது. நான் விளக்கைக் கையில் எடுத்தேன். அவர் பதறி எழுந்தார்.

"வையுங்க தம்பி. அத அங்கருந்து எடுக்கக்கூடாது."

"கையால மறைச்சிக்கிட்டு வாங்க. கொட நான் புடிக்கிறேன்."

என் ஒரு கையில் விளக்கு, மறு கையில் குடை. சுடரைச் சுற்றி அவருடைய இரண்டு கைகள். அப்படியே இறங்கினோம். பாதை லயத்தைவிட்டு விலகித் திரும்பும் இடத்தில் காற்று குடையை மடக்கியது. விளக்கு அணைந்தது.

அவர் அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே திரும்பினார். குறுக்கே நின்றேன்.

"வழிய விடுங்க. நெருப்புப்பெட்டி அடுப்படியில இருக்கு."

"பள்ளிக்கூடத்துல ஏத்துவோம்."

"அந்த எடம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

இறந்த பிறகு அவள் பெயரை நான் சொன்னதில்லை.

"சுலக்ஷனா அங்கதானே அத்தை படிச்சா."

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே மரம் ஒன்று முறிந்தது. லொறியிலிருந்து கல் கொட்டுவது போன்ற சத்தம். தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே நகர்ந்து வருவதைக் கண்டேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இப்போது வந்தார்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது எங்கள் காம்பிராவின் கூரைத் தகரம் மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது.

செல்லசாமி மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டினார். மீனம்மா வகுப்பறைக்குள் போய் ஜன்னலோர மேசையில் விளக்கை வைத்து ஏற்றினார்.

"இங்கதான் உக்காருவா."

அந்த வகுப்பில் தினமும் படிப்பிக்கிறேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாலைக் குறிப்பு வந்தது. மழை தொடரும். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு மறு கையால் தமிழில் தட்டினேன். கடைசி வரியை முதலில் போட்டேன்.