வியாழக்கிழமைக்காரன்

மருத்துவக் கல்லூரியில் சேர வருகிறவர்களை நேர்காணல் செய்ய என்னைக் கூப்பிட்டவர் மேக்சின். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். கல்லூரியில் இந்த நேர்காணல்களை அவர்தான் நடத்துகிறார். என் மனைவி நாடீன் இறந்த பிறகு வாசலில் விழுந்த பனியை நான் அள்ளிப் போடாமலே விட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கதவைத் தட்டினார்.

"செவுத்தப் பாத்து உக்காந்திருக்கிற நேரத்துக்கு அங்க வந்து பசங்க மூஞ்சியப் பாருப்பா. டாக்டருங்களே மார்க் போட்டா புத்திசாலிங்களா வந்து சேருதுங்க. நோயாளி பக்கத்துல உக்காரத் தெரிஞ்சவன் எவன்னு டாக்டர விட உனக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியாது என்று சொல்ல நினைத்தேன். ஆனாலும் போனேன்.

நீளமான நடை. இருபுறமும் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அதை நின்று படித்து, மணி அடித்ததும் உள்ளே வந்து பேச வேண்டும். மறுபடி மணி அடித்தால் அடுத்த கதவு. சில அறைகளில் நோயாளிகளாக நடிக்க நடிகர்களை உட்கார வைத்து அழவிட்டிருந்தார்கள். என் அறையில் நான் மட்டும்தான். என் கதவில் இருந்த கேள்வி இது: உங்களால் எதுவும் செய்ய முடியாத நிலையில் இருந்த ஒருவருடன் இருந்திருக்கிறீர்களா? அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

மேக்சின் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். அச்சடித்துத் தந்த துணைக் கேள்விகளைத் தவிர வேறு கேட்கக் கூடாது. பத்துக்கு மார்க். மூன்றுக்குக் கீழே போட்டால் காரணம் எழுத வேண்டும். வருகிறவர் தெரிந்த ஆளாக இருந்தால் உடனே எழுந்து வெளியே வந்துவிட வேண்டும்.

இடைவேளைக்குள் என் அறையில் வரிசையாகத் தாத்தாக்கள் இறந்துபோனார்கள். எல்லாத் தாத்தாக்களின் கையையும் பேரப்பிள்ளைகள் பிடித்திருந்தார்கள். நான் ஆறும் ஏழுமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவனின் சட்டையில் கோல்பி என்று ஒட்டியிருந்தது. செம்பட்டை முடி. யாரிடமோ வாங்கிக் கட்டியது போன்ற டை. உட்கார்ந்ததும் அவன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டான்.

"நான் ஹாஸ்பிஸ்ல, கடைசி நாள்ல இருக்கிறவங்களப் பாத்துக்கிற எடத்துல, தொண்டு வேலைக்குப் போவேங்க. வாரத்துல ஒரு நாள், காலையில. அங்க ஒருத்தங்க இருந்தாங்க. சின்ன வயசுதான். நம்ம ஊர் ஃபுட்பால் டீமோட கறுப்பு மஞ்சள் தொப்பி, அதக் கழட்டவே மாட்டாங்க. கடைசி வரைக்கும் எம் பேரக் கேக்கல. 'வியாழன்'னுதான் கூப்பிடுவாங்க."

அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும்.

நாடீன் கடைசியில் இருந்தது அந்த ஹாஸ்பிஸில்தான். நான் தினமும் வேலை முடிந்து மாலையில் போவேன். நாடீன் சன்னலைப் பார்த்துப் படுத்திருப்பாள். களைப்பாக இருக்கிறது என்பாள். வியாழக்கிழமைகளில் மட்டும், "இன்னிக்கி வியாழன் வந்தான்" என்பாள். என்ன பேசினீர்கள் என்று கேட்பேன். ஒன்றும் இல்லை என்பாள். காலையில் அவள் அறையில் சிரிப்பு கேட்டதாக ஒரு செவிலி, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்.

நான் அவளிடம் கேட்டேன், அவனிடம் மட்டும் எப்படி உனக்குத் தெம்பு வருகிறது என்று.

"நீ தெனமும் வர்ற. அவன் வாரத்துக்கு ஒருநாள்தான் வர்றான். அதான் அவனுக்கு மவுசு" என்றாள்.

ஒரு வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக் காலையிலேயே வருகிறேன் என்றேன். வேண்டாம், லீவைச் சேர்த்து வை என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வியாழன் இப்போது என் முன்னால் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்தது இதுவே முதல் தடவை. ஆகவே விதிப்படி இவன் எனக்குத் தெரிந்தவன் அல்ல என்று சொல்லிக்கொண்டேன். பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சொல்லுங்கள் என்றேன்.

"முதல் நாள் எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. பேப்பர் வாசிக்கட்டுமான்னு கேட்டேன். மரண அறிவிப்ப வாசின்னாங்க. வாசிச்சேன். ஒவ்வொருத்தருக்கும் மார்க் போட்டாங்க."

"செத்தவங்களுக்கா?"

"எழுதினதுக்கு. 'அனைவராலும் நேசிக்கப்பட்டவர்'னு இருந்தா மூணு மார்க் கொறைப்பாங்க. எல்லாருக்கும் புடிச்சவன்னா ஏதோ தில்லுமுல்லு பண்ணிருக்கான்னு சொல்வாங்க. ஒரு தாத்தாவப் பத்தி, சீட்டாட்டத்துல பேரப்பசங்களையே ஏமாத்துனாருன்னு போட்டிருந்தாங்க. அவருக்குப் பத்துக்குப் பத்து. சிரிச்சு சிரிச்சு அவங்களுக்கு இருமல் வந்திருச்சு. அப்புறம் அதுதான் எங்க வேலை. நான் அவங்களுக்கு எதுவும் செய்யலைங்க. வாசிச்சேன், அவ்வளவுதான்."

நான் ஒருமுறை அவளுக்குப் பேப்பர் கொண்டுபோயிருக்கிறேன். கண் வலிக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றாள்.

"எதுக்கும் சுழியம் போட்டாங்களா?" என்று கேட்டேன். தாளில் இல்லாத கேள்வி.

"ஒண்ணே ஒண்ணுக்குத்தான். 'நோயுடன் வீரமாகப் போராடி'ன்னு வந்தா, மீதிய வாசிக்கவே விடமாட்டாங்க. 'எவன்டா போராடுறான், படுத்துக் கெடக்குறோம்'பாங்க. எம் பேரு முன்னாடி எவனாவது அப்படிப் போட்டான், எந்திரிச்சு வந்து உதைப்பேன்னு சொல்வாங்க."

நாடீனுக்கு அறிவிப்பு எழுதியது நான். ஈமச்சடங்கு நடத்துகிறவர் ஒரு மாதிரியைக் காட்டினார். அதில் அந்த வரி இருந்தது. நன்றாக இருப்பதாகப் பட்டது. அவள் பெயருக்கு முன்னாலேயே போட்டேன்.

"அவங்களோட அறிவிப்பு வந்தப்ப பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"எத்தனை போடுவீங்க?"

கோல்பி மேசையைப் பார்த்தான். "அத அவங்கதாங்க போடணும்."

"அவங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லியிருக்காங்க."

"என்ன சொன்னாங்க?"

"அத நான் சொல்றது சரியில்லைங்க. அது எங்கிட்ட சொன்னது."

"இங்க கேக்கறது மார்க்குக்கு. பதில் சொல்லலேன்னா மார்க் போட முடியாது."

அவன் காது சிவந்துவிட்டது. இந்தக் கல்லூரியில் இடம் கிடைக்க ஆயிரக்கணக்கானவர்கள் மோதுகிறார்கள். ஓர் அறையில் மார்க் சரிந்தால் போதும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்பக் கொறைச்சுக்கங்க" என்றான்.

மணி அடித்தது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனான்.

நான் இரண்டு போட்டேன். காரணம் கேட்ட இடத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தார் என்று எழுதினேன். உண்மைதான். அடுத்து வந்த பெண் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நினைவில்லை. ஏழு போட்டிருப்பேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது மேக்சினைத் தேடிப் போனேன். மனம் மாறியதாகச் சொல்ல முடியாது. நான் போட்ட அந்த இரண்டு நாடீனுக்குத் தெரிந்தால் எனக்கு எத்தனை போடுவாள் என்ற எண்ணம் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மேக்சின் கதவைச் சாத்தினார்.

"ஏம்ப்பா, அவன் உள்ள வந்ததும் எந்திரிச்சு வரவேண்டியதுதானே?"

"அப்பத் தெரியாது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"தொப்பியச் சொன்னப்ப."

"அதுக்கப்புறமும் உக்காந்திருந்த."

"ஆமா."

கணினியில் தேடிப் பார்த்தார். "ரெண்டு போட்டிருக்க. அவ்வளவு மோசமா பேசினானா?"

"இல்ல. இன்னிக்கி வந்ததுலயே அவன்தான் உசத்தி."

மேக்சின் திட்டவில்லை. மார்க்கை அழித்தார். அதே கேள்வியோடு வேறு ஓர் ஆள் முன்னால் அவன் மறுபடி உட்கார வேண்டும், விதி அதுதான் என்றார். லாயிடைக் கூப்பிட்டார். லாயிட் இந்த ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிர் அறையில் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். காரணம் அவரிடம் சொல்லப்படவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார் மேக்சின்.

கோட்டை எடுக்க நடைக்குத் திரும்பினேன். லாயிட் அறைக் கதவுக்கு முன்னால் கோல்பி நின்று அதே தாளை மறுபடி படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். என் சட்டையில் ஒட்டியிருந்த பெயரை அப்போதுதான் கவனித்தான், பிறகு என் கையில் மோதிரத்தை. டெரெக் என்ற பெயரை நாடீன் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் முகம் மாறிவிட்டது. வாய் திறந்தான். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

மணி அடித்தது. அவன் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பேச்சு சன்னமாகக் கேட்டது. வார்த்தை பிரியவில்லை. பிறகு லாயிட் சிரித்தார். பெரிய சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீட்டாட்டத் தாத்தாவாக இருக்கும். நாடீனை லாயிட் பார்த்ததே இல்லை.

முடிந்ததும் கோல்பி எதிர்ப்பக்கமாகப் போய்விட்டான். லாயிட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நான் நிற்பதைப் பார்த்து என் தோளில் கைபோட்டார்.

"தம்பி, இந்த மாதிரி ஒரு கதை இன்னிக்கி வரல. ஒரு பொண்ணாம். படுக்கையில கெடந்துக்கிட்டு, செத்தவங்களுக்கெல்லாம் மார்க் போடுமாம்..."

"தெரியும்" என்றேன்.

"உனக்கும் சொன்னானா?"

"எனக்குத்தான் மொதல்ல சொன்னான்."