வேலிப் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

ஒலிபெருக்கி என்றால் ஒலியைப் பெருக்கும் கருவி என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். சண்டிலிப்பாய் ஏரம்புவுக்கோ அது வேண்டாதவனின் வயிற்றெரிச்சலைப் பெருக்கும் கருவி. யுத்தத்தால் கரண்ட் இல்லாத தொண்ணூற்றிரண்டாம் ஆண்டிலும், மகள் செல்வநாயகியின் கலியாணத்துக்கு மண்ணெண்ணெய் தேடிப் பிடித்து, ஜெனரேற்றரோடு லவுட்ஸ்பீக்கர் கொண்டுவந்து இறக்கினார். ஸ்பீக்கர்க் குழாய் இரண்டையும் பக்கத்து வீட்டு மச்சான் தம்பிராசாவின் வளவுப் பக்கம் திருப்பி, தானே மரத்தில் ஏறிக் கட்டினார்.

பங்குக் கிணற்றில் ஆர் எப்போது தண்ணீர் இறைப்பது என்று இரண்டு பேருக்கும் வந்த சண்டை அது. மனைவி பூரணத்துக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றுதான்.

"உன்ரை தம்பியின்ரை படலையை நீ மிதிக்கக் கூடாது."

வீடு தேடிப் போய்ச் சொல்லாத கலியாணத்துக்கு அந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள். தாய்மாமன் முன்னுக்கு நிற்காத கலியாணம் என்ன கலியாணம் என்று பூரணத்தின் மனம் கிடந்து அடித்தது. ஆனாலும் அவள் தம்பி வீட்டு வாசல் படலையை மிதிக்கவில்லை.

கலியாணத்தன்று காலை ஏரம்பு கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர்காரன் கிளரன்ஸ் யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள். ஊர்ச் சண்டை ஒன்றும் தெரியாது.

"அம்மா, மைக்கிலை வரவேற்க முக்கியமான ஆக்களின்ரை பேர் சொல்லுங்கோ."

பூரணம் ஒரு பேர்தான் சொன்னாள். அடுத்த நிமிஷம் ஊர் முழுக்கக் கேட்டது: "பொம்பிளையின் தாய்மாமன் தம்பிராசா அவர்களைக் குடும்பத்தோடு அன்பாய் அழைக்கிறோம்."

ஏரம்பு ஈரத்தலையோடு ஓடி வருவதற்குள் தம்பிராசா பட்டுவேட்டியோடு கலியாண வீட்டுப் படலையில் நின்றார்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"உங்கடை குழாய்தான் அத்தான். என்ரை வீட்டைப் பார்க்கத் திருப்பி வைச்சுக் கூப்பிட்டால், வராமல் இருக்கிறது மரியாதையே?"

ஏரம்பு சுற்றிவரப் பார்த்தார். அயல் சனமெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. "பிந்தி வந்திட்டு நியாயம் கதைக்கிறாய். உள்ளுக்கு வா," என்று உறுமினார்.

மத்தியானப் பந்தியில் சனம் அவரைப் புகழ்ந்து தள்ளியது. கதைபேச்சு இல்லாத மச்சானை மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட ஆருக்கு மனம் வரும் என்றார்கள். ஏரம்பு மீசையைத் தடவிக்கொண்டார்.

"பிள்ளையின்ரை மாமன் எல்லோ. நான்தான் சொல்லச் சொன்னனான்."

"மெய்யே பூரணமக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

பூரணம் சோற்றுச் சட்டியோடு நின்றாள். தம்பி பந்தியில் இருந்து அவள் போட்ட சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

"ஓம், எல்லாம் அவரின்ரை யோசினைதான்," என்றாள்.